முன்னால் ஒரு ஆள் வேண்டும்

மாமனாரும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த இடத்தில்தான் போன வாரம் விட்டோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவர் குரல் தெரியும். மாப்பிள்ளை ஊர் ஃபுட்பால் டீமின் கோச். கல்யாணமான கையோடு இதே வீட்டில் தங்கிவிட்ட வீட்டோடு மாப்பிள்ளை. அவருடைய டீம் மூன்று ஆட்டமாக ஒரு கோல்கூடப் போடவில்லை. யாரால் என்று கேட்டால், பால் குடிக்கிற குழந்தைகூட இந்த வீட்டைத்தான் கை காட்டும்.

எல்லாம் நெட்டையால் வந்தது. நெட்டை ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆட்டக்காரர். கோல் வாசலில் நிற்பார், பறந்து வருகிற பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளுவார். ஊரே கொண்டாடுகிற பிள்ளை. அவரைப் போய் மாப்பிள்ளை ஓரக்கோட்டுக்கு நகர்த்தி ஓடவிட்டுவிட்டார். கோல் வாசலில் ஆளே கிடையாது. பந்தைத் தூக்கியே அடிக்கக் கூடாதாம். தரையோடு தரையாக, காலுக்குக் கால் கொடுத்துக்கொண்டே போக வேண்டுமாம்.

"முன்னாடி ஆளே இல்லாம கோலை யாரு போடுவா, காத்தா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாமனார் கேட்டார்.

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு மாமா."

"அதைத்தான் சொல்லுங்களேன்."

"சொல்ல முடியாது மாமா."

மாமனார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். வாதத்தில் தோற்றால்கூடப் பொறுத்துக்கொள்வார். தன்னிடமே சொல்ல முடியாத காரணம் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான்.

"பாப்பா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அவர் குடை என் பையில இருக்கு."

"பாப்பா, மாமாகிட்ட சொல்லு. மழை வர்ற மாதிரி இருக்கு, அவரே வெச்சுக்கட்டும்."

இரண்டு பேரும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி. பாப்பா என்றால் சின்னக் குழந்தை இல்லை. முப்பது வயது, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற வேலை. அவள் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"நீங்க ரெண்டு பேரும் உதைச்சு விளையாட எங்க தலைதான் கிடைச்சுதா?" என்று கேட்டது டீச்சர்தான். அவளேதான் இன்று காலை, ஆட்டம் நடக்கிற நாளும் அதுவுமாக, புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்துக்கொண்டாள்.

"அந்த ரேடியோ நிகழ்ச்சியில ஊரே மாப்பிள்ளையைத் திட்டுது. அவர் பக்கம் பேச ஒரு நாதி இல்ல. நீங்க ஒரு போன் போட்டு நல்லதா நாலு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சா போயிடும்?"

குறையாதுதான். அவருக்கு மாப்பிள்ளை மேல் உயிர். ஆண் பிள்ளை இல்லையே என்ற ஏக்கத்தை அந்த மனுஷன் வந்த முதல் வருஷமே துடைத்துவிட்டார். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நாட்டு ஆட்டமாக இருந்தாலும் சண்டை போட்டுக்கொண்டே பார்ப்பார்கள். இந்த ஒரு வாரமாக டிவி ஓடுகிறது, சோபா காலியாகக் கிடக்கிறது. அவருக்குச் சோறே இறங்கவில்லை.

ஆகவே போன் போட்டார். அறிவிப்பு அறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் நின்றுகொண்டு, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு.

"உங்க பேரு சார்?" என்றாள் நிகழ்ச்சி நடத்துகிற பெண்.

"கிழக்குத் தெரு ரசிகன்."

அந்தப் பெண் தினமும் ரயிலில் வேலைக்கு வருகிறவள். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்க, கிழக்குத் தெரு ரசிகரே" என்றாள்.

"பயணிகளின் கனி..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்து, பாதியில் இருமி மறைத்தார். "எல்லாருக்கும் வணக்கம். நம்ம கோச் தங்கமான மனுஷன். உழைப்பாளி. புது மாதிரி ஆட்டம் சொல்லித் தர்றார். நாமதான் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

அத்தோடு போனை வைத்திருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

"அதெல்லாம் சரிங்க. ஆனா கோல் வாசல்ல ஒருத்தருமே இல்லையே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நாக்கில் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"அதைத்தானேம்மா நானும் கேக்குறேன்!" கைக்குட்டை எங்கேயோ போய் விழுந்தது. "அங்க கொடு, இங்க கொடுன்னு கொடுத்துக்கிட்டே போறாங்க. கோல் வாசல் வரைக்கும் போயிட்டு, ஐயோ செருப்பை மறந்துட்டோமேன்னு திரும்பி வர்ற மாதிரி திரும்பி வர்றாங்க! மலை மாதிரி நெட்டை இருக்கான், அவனை ஓரமா ஓடவிட்டா அவன் என்ன நாய்க்குட்டியா? தூக்கி அடி! அவன் தலைக்கு அடி! முடிஞ்சுது வேலை! முன்னாடி ஒரு ஆளை வைங்கய்யா!"

மூச்சு வாங்கியது. என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. உடனே வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாய் தானாக முடித்து வைத்தது. "தாமதத்திற்கு வருந்துகிறோம்."

அப்புறம் என்ன மிச்சம்? அரை மணி நேரத்தில் அது ஊரில் எல்லோர் போனிலும் ஓடியது. மூன்றாவது பிளாட்பாரத்துக்கு வரும் ரயிலைப் பற்றி அவர் அறிவிக்க வாயைத் திறந்ததுதான் தாமதம், பிளாட்பாரமே கை தட்டிக் கத்தியது: "முன்னாடி ஒரு ஆளை வை!"

மறைப்பானேன், ஒரு நிமிஷம் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் மாப்பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் அறிவிப்பு அறைக் கதவு திறந்தது. கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு அப்படியே வந்திருந்தாள் மகள்.

"உள்ள வரலாமா, கிழக்குத் தெரு ரசிகரே?"

"பாப்பா, நான் நல்லதுதான் பேச ஆரம்பிச்சேன்..."

"ஆரம்பிச்சீங்க. நிறுத்தத் தெரியலையே!" குரல் நடுங்கியது. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறேன். எங்கப்பாவுக்கு மட்டும் கண்ணு தெரியல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"டீம் பஸ்ல அந்த ரேடியோதான் ஓடிட்டு இருந்திருக்கு. ஆட்டக்காரங்க எல்லாரும் நெளியுறாங்க, டிரைவர் அணைக்கப் போயிருக்கார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அணைக்காதீங்க, எங்க மாமா பேசுறார்'னாராம்."

நேரில் நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நிர்வாகத்துலேர்ந்து கூப்பிட்டு, 'உங்க மாமனாரே சொல்லிட்டாரே'ன்னு சிரிச்சாங்களாம். இன்னைக்கு ஜெயிக்கலேன்னா வேலை போயிடும்பா. அது மட்டுமில்ல. ராத்திரி வண்டியில ஏறினா விடியும்போது போய்ச் சேருற ஊருல ஒரு டீம் இவரைக் கூப்பிடுது. வேலை தர்றாங்க, வீடு தர்றாங்க. இன்னைக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம், வேண்டாம்னு சொல்லிட்டே இருக்கார். ஏன்னு கேட்டா, மாமாவும் அத்தையும் தனியாயிடுவாங்களாம்."

அந்த ரயில் அவருக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் ஒன்றாவது பிளாட்பாரத்திலிருந்து அதை அனுப்பி வைக்கிற குரல் அவருடையது. மகளும் மாப்பிள்ளையும் பெட்டி படுக்கையோடு அதில் ஏறுகிறதை நினைத்துப் பார்த்தார். நினைக்க முடியவில்லை.

மகள் கதவைச் சாத்தினாள். மேசைப் பக்கம் பார்த்தாள்.

"மைக் ஆஃப்லதானே இருக்கு?"

"ஆஃப்தான்."

"காரணம் என்னன்னு அன்னைக்கு அவரைக் கேட்டீங்கல்ல, இப்பக் கேளுங்க. நெட்டைக்குத் தலையில அடி. முன்னாடி ஒரு ஆட்டத்துல ரெண்டு பேரு முட்டிக்கிட்டாங்களே, அதுலேர்ந்துதான். பந்து தலையில பட்டா கண்ணு இருட்டிடுதாம். ஓடலாம், உதைக்கலாம், தலையால மட்டும் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வெளிய தெரிஞ்சா எதிர் டீம்காரன் தலையைத்தான் குறி வைப்பான். நம்ம நிர்வாகம் அடுத்த வருஷம் வராதேன்னுடும். யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்னு இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கார் அந்த மனுஷன். அதுக்காகத்தான் ஓரமா ஓடவிட்டு, பந்தைத் தரையில ஆட வெச்சுட்டு இருக்கார். இன்னொருத்தர் தலையைக் காப்பாத்தத் தன் தலையைக் கொடுத்துட்டு நிக்கிறார், உங்க மாப்பிள்ளை."

அறிவிப்பாளர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'தலைக்கு அடி' என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தது யார்? அவர்தான்.

"ஐயோ பாப்பா" என்றார்.

சாயங்காலம் மைதானத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பத்து பேர் முதுகில் தட்டினார்கள். "மாமா, நெத்தியடி!" என்றான் ஒருத்தன். யாருக்கெல்லாம் மாமா ஆகிவிட்டோம் என்று அவருக்கே புரியவில்லை. அவருக்கு இந்தப் பக்கம் எப்போதும் பெயிண்டர், அந்தப் பக்கம் பல் டாக்டர். இரண்டு பேரும் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள்.

"பந்து நம்மகிட்டயே இருந்தா அவன் எப்படி கோல் போடுவான்? போன ஆட்டத்துல நூத்துக்கு அறுபத்தெட்டு பங்கு நேரம் பந்து நம்மகிட்ட!" என்றார் பல் டாக்டர்.

"அறுபத்தெட்டு வாங்கினா பரீட்சையில பாஸு. இங்க கோல் போட்டாத்தான்யா பாஸு! பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு தூங்கவா போறாங்க?" என்றார் பெயிண்டர்.

"அவசரப்பட்டுத் தூக்கி அடிச்சா பந்து அவன்கிட்டப் போகும். இழுத்து இழுத்து, அவன் அசந்த நேரம் பார்த்து உள்ள போகணும். பல்லு புடுங்குறதும் அப்படித்தான்."

"உங்ககிட்ட பல்லு புடுங்கிக்கிட்டவன் நான். அந்தக் கதையை என்கிட்டயேவா சொல்றீங்க? நீங்க சொல்லுங்கண்ணே, தூக்கி அடிக்கணுமா வேண்டாமா?"

எப்போதும் என்றால் அண்ணன் எழுந்து நின்றே பேசியிருப்பார். இன்றைக்கு, "ஆட்டத்தைப் பாருங்கப்பா" என்றதோடு சரி.

ஆட்டம் எங்கே ஆட்டமாக இருந்தது? பந்து நம் ஆட்களின் கால்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கோல் வாசலுக்குப் போகும், ஆளில்லாமல் திரும்பும். இடைவேளைக்குப் பிறகு மைதானமே ஒரே குரலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தது. "முன்னாடி ஒரு ஆளை வை! தலைக்கு அடி! தலைக்கு அடி!"

ஒவ்வொரு தடவையும் அவருக்கு யாரோ கன்னத்தில் அறைவது போல இருந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மூலையில் பந்தை வைத்து, கோல் வாசலுக்கு நேராகத் தூக்கி அடிக்கிற வாய்ப்பு. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஓரக்கோட்டில் இருந்த நெட்டை அந்தச் சத்தத்தைக் கேட்டார். மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தார். கோல் வாசலில் நின்று கையை உயர்த்தினார், எனக்கு அடி என்று. கூப்பிடுகிற ஊருக்கு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

"வேண்டாம்டா!" என்று கத்தினார் அறிவிப்பாளர். "வேண்டாம்டா, வெளிய வந்துடு!"

ஊரே கேட்கிற குரல்தான். ஆனால் மைக் இல்லையே. அது முன்வரிசைவரைகூடப் போகவில்லை.

கோட்டுக்கு வெளியே மாப்பிள்ளை ஒரு விநாடி அசையாமல் நின்றார். நெட்டையை அங்கேயே விட்டால் ஒருவேளை கோல் விழும். வேலை நிற்கும். வீடு நிற்கும். எல்லாம் நிற்கும். மாப்பிள்ளை கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். ஆளை மாற்றச் சொன்னார். வெளியே வர வேண்டியவர் நெட்டை.

அந்த மாதிரி ஒரு ஊளையை அந்த மைதானம் கேட்டதில்லை. காகிதக் கோப்பைகள் பறந்தன. நெட்டை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாப்பிள்ளை தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார். அந்த ஆறடி ஆள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அறிவிப்பாளர் எழுந்து நின்று கை தட்டினார். ஒற்றை ஆளாக.

"என்னண்ணே இது? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?" என்றார் பெயிண்டர்.

"காலையில தெரியாம பேசிட்டேன்."

"இப்ப என்ன தெரிஞ்சுபோச்சு?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கை மட்டும் நிற்கவில்லை. பல் டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எனக்குக் காரணம் தெரியாது, இருந்தாலும் உங்க கைக்கு ஒரு துணை" என்று தானும் தட்டினார்.

அந்தக் கார்னரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது.

விளக்கு வைத்த நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். சோபாவில் மாமனார். சுவரோரம் மகள். சமையலறையில் டீச்சர்.

"பாப்பா, உன் வீட்டுக்கா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த மாமனார் நிறுத்தினார். எழுந்து நின்றார். "வாங்க மாப்ளை" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை. மாப்பிள்ளைக்கு அதைக் கேட்டதும் முகம் இளகிவிட்டது.

"ரேடியோவுல நான் பேசினது..."

"செருப்பை மறந்துட்டுத் திரும்பி வர்ற மாதிரின்னீங்களே மாமா, பஸ்ல அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"பாப்பா எல்லாம் சொல்லிட்டா. என்னை மன்னிச்சுடுங்க மாப்ளை. என் வாயால உங்களுக்கு..." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நெட்டை விஷயம் உயிரே போனாலும் என் வாயிலேர்ந்து வராது."

"என்ன நெட்டை விஷயம்?" என்றாள் டீச்சர் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல!" என்றார்கள் மூன்று பேரும்.

மாப்பிள்ளை சோபாவில் அவருக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். "நிர்வாகத்துலேர்ந்து போன் வந்துடுச்சு. நாளையிலேர்ந்து வர வேண்டாமாம்" என்றார்.

மாமனார் மாப்பிள்ளையின் முழங்காலில் கையை வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா மாமா? காரணம் தெரிஞ்சதுக்கு அப்புறமாவது என் ஆட்டம் பிடிச்சிருக்கா?"

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு அவர் வேறு மாமனாராகப் பிறந்திருக்க வேண்டும்.

"நெட்டையை நகர்த்தினது சரி. கும்பிட வேண்டிய காரியம். ஆனா நம்ம டீம்ல ஒரு குள்ளன் இருக்கானே, அந்த இடத்துல அவனை நிறுத்தியிருக்கலாம்ல?"

"குள்ளனையா? நாலு தடியங்க நடுவுல காணாமப் போயிடுவான் மாமா!"

"காணாமப் போறவன்தான் மாப்ளை கோல் போடுவான்! இங்க பாருங்க." மேசையில் இருந்த உப்பு ஜாடி குள்ளனாயிற்று. நாலு டம்ளர் தடியன்களாயின. மாப்பிள்ளை ஒரு டம்ளரை நகர்த்தினார், மாமனார் உப்பு ஜாடியை அதற்குப் பின்னால் நழுவவிட்டார். "அவன் ஆஃப்சைடு!" "எது ஆஃப்சைடு? கண்ணைத் திறந்து பாருங்க!" குரல் தெருமுனைவரை போயிருக்கும்.

"பேசலேன்னா ஒரு கஷ்டம், பேசினா ரெட்டைக் கஷ்டம்" என்றாள் டீச்சர். மகள் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. அந்தத் தூரத்து ஊர் டீம்.

டம்ளர்கள் நின்ற இடத்தில் நின்றன. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை அதைத் தொடவில்லை. மாமனார் மகளைப் பார்த்தார். போனை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"எடுங்க மாப்ளை."

"வேண்டாம் மாமா."

"எடுங்கன்றேன்ல. தினமும் ஆயிரம் பேரை வழியனுப்பி வைக்கிறவன் நான். எனக்கென்ன இது புதுசா?" மைக் முன்னால் ஒருநாளும் பிசகாத குரல் இங்கே உடைந்துவிட்டது.

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்க சார். ஆமாம் சார், முடிவு பண்ணிட்டேன். வர்றேன்." மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மாமனாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார். "வீடு தர்றதா சொன்னீங்களே சார், அதுல எத்தனை ரூம்? ஒண்ணா? பத்தாது சார். நாங்க ரெண்டு பேர் இல்ல, நாலு பேர்."

இந்த வருஷக் கடைசியில் மாமனாருக்கு ஓய்வு. அதற்குப் பிறகு எந்த ஊராக இருந்தால் என்ன? அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள் டீச்சர். இன்னும் பல வருஷம் பாக்கி இருக்கிற வேலையும், இந்த வீடும் அவளுடையவை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு பேர்ல நானும் உண்டான்னு என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை.